ஓஹியோவுக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

கேள்வி: ஊட்டி இந்து நகரில் வசிக்கிறேன். அப்பா ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவர். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அந்த ஃபேக்டரியிலேயே தயாரான, பிரிக்காத ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல் ஃபிலிம் 24, தோல் உறையோடு ஒரு அக்ஃபா கிளிக் 3 கேமரா இரண்டும் கிடைத்தன. தம்பி யோசனைப்படி எல்லாவற்றையும் ஒரே லாட்டாக ஈபே இணையத் தளத்தில் ஏலம் விட்டேன். அமெரிக்காவுக்குப் பார்சல் அனுப்புவதில் சிக்கல் என்று கேள்விப்பட்டதால் ‘பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் மட்டும்’ என்று விளக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தேன். ஆனால் 142 டாலருக்கு எடுத்தவர் ஓஹியோவில் இருக்கிறார்! தபால் செலவு 18 டாலரையும் சேர்த்து உடனே கட்டிவிட்டார். ‘லண்டனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினாலும் சரி. இல்லை, 40 டாலர் அன்பளிப்பு என்று எழுதி நேராக எனக்கே அனுப்பினாலும் சரி’ என்கிறார். நான் அனுப்பத்தான் வேண்டுமா? ரத்து செய்தால் என் பெயர் கெடுமா? 137 டாலர் வரை கேட்ட ஒசாகாக்காரருக்குக் கொடுக்கலாமா? அடுத்து தாத்தாவின் மான்கொம்புப் பிடி போட்ட கைத்தடி, 1909 தேதியிட்ட ஊட்டி படத் தபால் அட்டைகள், கொஞ்சம் தைலம் இவற்றையும் போடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: லண்டன் தங்கைக்கு அனுப்பாதீர்கள். அன்பளிப்பு என்று எழுதாதீர்கள். ஓஹியோக்காரரிடம் பேசி, அவர் சம்மதத்தோடு விற்பனையை ரத்து செய்து, ஒசாகாவுக்குக் கொடுங்கள். அனுப்ப வேண்டிய கெடு ஓடிக்கொண்டிருப்பதால் இந்த மூன்று வரியையும் உங்களுக்குத் தனியாக ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன், இதே நிலையில் வேறு சிலரும் இருப்பார்கள்.

நான் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கும் வேலைக்கு வருவதற்கு முன் குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் அலுவலகத்தில் இருந்தவன். குன்னூர் ஏலம் 1963-இல் தொடங்கியது. அங்கே சுத்தியல் விழுந்ததும் விற்றவருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். எடுத்தவர் பணம் கட்டி, லாரி கொண்டு வந்து குடோனில் சரக்கை ஏற்றிக்கொள்வார். அது கொச்சிக்குப் போகிறதா கராச்சிக்குப் போகிறதா என்பது அவர் பாடு. இணைய ஏலத்தில் இது தலைகீழ். சுத்தியல் விழுந்த பிறகுதான் விற்றவருக்குப் பாரமே ஏறுகிறது. சரக்கு வாங்கியவர் வாசலில் நல்லபடியாகப் போய்ச் சேரும்வரை பொறுப்பு உங்களுடையது. அதனால்தான் எந்த ஊருக்கு அனுப்புவேன், எந்த ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. இந்தியாவில் இருந்துகொண்டு பிரேசிலுக்கு அனுப்ப மாட்டேன், அமெரிக்காவுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்வதில் தவறே இல்லை. யாரும் காரணம் கேட்க முடியாது.

ஆனால் அதை எங்கே சொன்னீர்கள் என்பதில்தான் உங்கள் பக்கம் ஓட்டை. கடிதத்தோடு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்தேன். விளக்கத்தில் ஐந்து நாடு என்று எழுதிவிட்டு, தபால் பகுதியில் ‘உலகம் முழுவதும், 18 டாலர்’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தளம் விளக்கத்தைப் படிப்பதில்லை. தேர்வைத்தான் படிக்கும். ஓஹியோக்காரர் திரையில் ‘உங்கள் முகவரிக்கு அனுப்பப்படும், 18 டாலர்’ என்றுதான் வந்திருக்கும். அவர் உங்களை ஏமாற்றவில்லை. விளக்கத்தை முழுசாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான். பொருளின் படத்தைப் பார்த்தவுடன் ஏலம் கேட்பவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

நம் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஆனது. அதை வெறும் அறிவிப்பாகப் பலகையில் எழுதி வைத்திருந்தால் எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்? கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் கேட்பதால்தான் எடுக்கிறார்கள். உங்கள் விளக்கம் பலகை. சாவடியில் ஆள் போட மறந்துவிட்டீர்கள்.

ஈபேயில் அந்தச் சாவடி இரண்டு இடத்தில் இருக்கிறது. தபால் அமைப்பில் அனுப்பும் நாடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை விலக்கும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அப்புறம், வாங்குபவருக்கான நிபந்தனைகள் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. அங்கே ‘நான் அனுப்பாத இடத்தில் முதன்மை முகவரி உள்ளவர்களைத் தடு’ என்பதற்கு டிக் போட வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை விடுகிறவர்கள் நிறைய. இரண்டும் இருந்தால், விலக்கிய நாட்டுக்காரர் ஏலமே கேட்க முடியாது. நீங்களும் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. ரத்து செய்தால் பெயர் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘சரக்கு இல்லை’ என்று போட்டால் அது உங்கள் கணக்கில் குறையாக ஏறும். அதுவும் இப்போது பொய். ‘வாங்குபவரின் முகவரியில் பிரச்சினை’ என்று ஒரு காரணம் இருக்கிறது, அது குறையாக ஏறாது. நீங்கள் நாடுகளைச் சரியாக விலக்கியிருந்து, அதையும் மீறி யாராவது வந்திருந்தால் அதைத் தயங்காமல் போடலாம். உங்கள் விஷயத்தில் கதவைத் திறந்து வைத்தது நீங்கள். அவர் கேட்காமல் அந்தக் காரணத்தைப் போட்டு மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரும் கோபத்தில் சிவப்புக் குறி, அதாவது மோசமான மதிப்பீடு, போட்டுவிடலாம். வாங்குபவருக்கு அதற்கு 60 நாள் இருக்கிறது. பதிலுக்கு நீங்கள் போட முடியாது, விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறைக் குறி போடும் வசதியை 2008-லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் முதலில் எழுதிக் கேளுங்கள். அவர் ‘சரி, ரத்து செய்யுங்கள்’ என்று தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பதில் போட்டதும், ‘வாங்குபவர் கேட்டார்’ என்ற காரணத்தில் ரத்து செய்யுங்கள். முழுப் பணமும் அவருக்குத் திரும்பிவிடும். உங்களுக்கும் குறை ஏறாது. போனில், வாட்ஸப்பில் பேசாதீர்கள். நாளை வழக்கு என்று வந்தால் செய்திப் பெட்டியில் இருப்பதுதான் சாட்சி.

லண்டன் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! பிரிட்டன் உங்கள் பட்டியலில் இருக்கிறது, தபால்காரருக்கும் கஷ்டமில்லை, அவர் தங்கையிடம் வாங்கிக்கொள்வார். உங்களுக்கு இதில் இருக்கும் ஆபத்து இதுதான். விற்பவருக்குத் தளம் தரும் பாதுகாப்பு, ஆர்டரில் அச்சாகியிருக்கும் முகவரிக்கு அனுப்பினால் மட்டும்தான். ஓஹியோ முகவரி போட்ட ஆர்டரை லண்டனுக்கு அனுப்பிவிட்டு, ‘சரக்கு வரவில்லை’ என்று அவர் புகார் கொடுத்தால், டிராக்கிங்கில் லண்டனில் கொடுத்ததாகத்தான் காட்டும். அது ஓஹியோவில் கொடுத்ததற்கு ஆதாரம் ஆகாது. பணம் திரும்பப் போகும், ஃபிலிமும் போகும்.

நானே பட்டிருக்கிறேன். தேயிலை ருசி பார்க்கும் பழைய பீங்கான் கிண்ணங்கள், பல் வெட்டிய விளிம்போடு மூடி போட்டவை, ஒரு செட் விற்றேன். வாங்கியவர் இங்கிலாந்து. ‘நான் இந்த மாதம் ஸ்பெயினில் இருக்கிறேன், அண்ணன் வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். தம்பிக்கு வந்து சேரவில்லை என்று புகார் வந்தது. அண்ணன் தம்பிக்குள் என்ன தகராறோ, கிண்ணமும் போச்சு, காசும் போச்சு. அதற்கப்புறம் முகவரி மாற்றம் கேட்டால் ஒரே பதில்தான் சொல்கிறேன்: ரத்து செய்கிறேன், கணக்கில் முகவரியை மாற்றிக்கொண்டு மறுபடி வாங்குங்கள்.

(ஆர்டரிலேயே லண்டன் முகவரி இருந்து, அங்கே கிடைத்த பிறகு தங்கை அதை அமெரிக்காவுக்கு அனுப்பினால் அது வேறு விஷயம். முதல் வாசலில் கொடுத்ததோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. அங்கிருந்து போகும் வழியில் உடைந்தால் தளத்தின் பணம் திருப்பும் உத்தரவாதம் அதற்குக் கிடையாது.)

‘40 டாலர் அன்பளிப்பு’ என்பது அவர் சும்மா சொன்ன எண் இல்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் உள்ளே விட்ட சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு நின்றது. உண்மையான அன்பளிப்பு 100 டாலருக்குள் இருந்தால் மட்டும் வரி இல்லை என்று வைத்தார்கள். அதனால்தான் அந்தப் பக்கத்து வாங்குபவர்கள் பலரும் திடீரென்று நம் நண்பர்களாகி அன்பளிப்பு கேட்கிறார்கள். பெட்டியின் மேல் ஒட்டும் சி.என்.22 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர் இல்லை, நீங்கள். வங்கிக்கு வந்தது 160 டாலர், படிவத்தில் 40 டாலர் என்றால் நம் ஊர் சுங்கத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பெட்டி வழியில் காணாமல் போனால் இழப்பீடும் நீங்கள் எழுதிய மதிப்புக்கு மேல் கிடைக்காது. 40 என்று எழுதி 102 டாலரை நீங்களே தள்ளுபடி செய்தது போலத்தான்.

அப்படியானால் உண்மை மதிப்பை எழுதி நேராக ஓஹியோவுக்கு அனுப்பினால் என்ன? அனுப்பலாம், தடை இல்லை. இந்திய அஞ்சல் துறை 2025 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பார்சல்களைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்திருந்தது. அக்டோபர் 15 முதல் மறுபடி எடுக்கிறார்கள். நீங்கள் கேள்விப்பட்ட சிக்கல் இதுதான். ஆனால் திரும்பத் திறந்தபோது வழக்கம் மாறிவிட்டது. முன்பு வரி ஏதாவது இருந்தால் அங்கே வாங்குபவர் கட்டுவார். இப்போது அனுப்புகிறவரே இங்கே கவுன்டரில் முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும். மறுபடி திறந்த அந்த நாளில் விகிதம், எழுதிய மதிப்பில் 50 சதவீதம். அந்தக் கணக்கில் உங்கள் 142 டாலருக்கு 71 டாலர். விகிதம் அரசியல் காற்றுக்கு ஏற்ப மாறக்கூடியது, அனுப்பும் நாளில் கவுன்டரில் கேட்பதுதான் கணக்கு. எதுவாக இருந்தாலும் அது உங்கள் கையிலிருந்து போகிறது. ஏலம் முடிந்து, பணம் கட்டிய பிறகு ‘இன்னும் 71 டாலர் அனுப்புங்கள்’ என்று அவரிடம் கேட்க முடியாது. தளத்துக்கு வெளியே வாங்கினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். வரி, தளக் கட்டணம், 18 டாலருக்குள் அடங்காத தபால் கூலி எல்லாம் போக, அப்பா பத்திரப்படுத்தி வைத்த ஃபிலிமை நீங்கள் கைக்காசு போட்டு அனுப்பிய கதையாகிவிடும்.

அவருக்கு எழுதும் கடிதத்தை நீட்டாதீர்கள். மன்னிப்பு ஒரு வரி, காரணம் ஒரு வரி, வழி ஒரு வரி. இந்தப் பொருள் வரட்டும்: ‘தபால் தேர்வில் நான் செய்த தவறால் உங்களால் ஏலம் கேட்க முடிந்தது, அதற்கு வருந்துகிறேன். என்னால் அமெரிக்காவுக்கு அனுப்ப இயலாது, வேறு முகவரிக்கோ குறைந்த மதிப்பு எழுதியோ அனுப்ப மாட்டேன். ரத்து செய்ய உங்கள் சம்மதம் தந்தால் இன்றே முழுப் பணத்தையும் திருப்பிவிடுகிறேன்.’ தவறு உங்களுடையது என்று ஒப்புக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை. பழைய கேமரா, ஃபிலிம் சேர்ப்பவர்கள் பொதுவாகப் பொறுமைசாலிகள். இல்லாவிட்டால் காலாவதியான ஃபிலிமை வாங்கி, கழுவி, என்ன வருகிறது என்று காத்திருக்க மாட்டார்கள். அவர் சம்மதிக்காமல், சொன்னபடி அனுப்பாவிட்டால் சிவப்புக் குறி போடுவேன் என்று மிரட்டினால் அதையும் செய்திப் பெட்டியிலேயே விட்டுவிட்டுத் தளத்தில் புகார் கொடுங்கள். பொய் மதிப்பு எழுதச் சொன்ன வரி அவர் கைப்பட அங்கேயே கிடக்கிறது.

ஒசாகாவுக்கு வருவோம். அடுத்து நின்றவருக்கு இரண்டாம் வாய்ப்பாகக் கொடுக்கும் வசதி இருக்கிறது, ஏலம் முடிந்து 60 நாள் வரை. அவர் கேட்ட 137 டாலர்தான் விலை. ஐந்து டாலர் குறைவுக்கு வருந்தாதீர்கள். அவரை வற்புறுத்த முடியாது, வேண்டும் என்றால் எடுப்பார். ஆனால் முதல் விற்பனை முறையாக ரத்தாகும் முன் இதை அனுப்பிவிடாதீர்கள். இரண்டு பேரும் பணம் கட்டி, பெட்டி ஒன்றே ஒன்று என்றால் அது இதைவிடப் பெரிய தலைவலி. ஜப்பானில் பொருளின் மதிப்பு 10,000 யென்னைத் தாண்டினால் வரி உண்டு, அதை வாங்குபவரே அங்கே கட்டி எடுத்துக்கொள்வார். இதைக் கடிதத்தில் ஒரு வரி சொல்லிவிடுங்கள், அவருக்கும் அது புதிதல்ல.

உங்கள் ஐந்து நாட்டுப் பட்டியலையும் ஒரு கை பார்க்கலாம். பிரிட்டனில் 135 பவுண்டு வரை, ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை, சிங்கப்பூரில் 400 சிங்கப்பூர் டாலர் வரை உள்ள பொருள்களுக்கு விற்பனை வரியைத் தளமே வாங்குபவரிடம் வசூலித்துவிடுகிறது. உங்கள் மாதிரி சின்ன லாட்டுக்கு இந்த மூன்றும் தலைவலி இல்லாத நாடுகள். நான் யோசிப்பது ஜெர்மனியைப் பற்றி. 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி நடைமுறையில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பொருளுக்குப் பொறுப்பேற்க ஒன்றியத்துக்குள் ஓர் ஆள் அல்லது நிறுவனத்தின் பெயர், முகவரி வேண்டும். பயன்படுத்திய பொருளாக இருந்தாலும் வேண்டும், கலைப் பொருள், சேகரிப்புப் பொருள் போன்ற பழம்பொருள்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் கிளிக் 3 நமக்குப் பழசு, சட்டத்தின் கண்ணுக்கு வெறும் பயன்படுத்திய கேமரா என்று ஆகிவிடலாம். 24 ரோல் விற்க அங்கே ஒரு பொறுப்பாளரை யார் நியமிப்பார்கள்? ஜெர்மனியை எடுத்துவிடுங்கள். அதோடு மற்ற 26 நாடுகளையும்.

இன்னொன்று, நீங்கள் வீட்டுப் பொருளை விற்றாலும் அது வியாபார ஏற்றுமதிதான். சொந்த உபயோகத்துக்கு அனுப்பும் பொருளுக்குள்ள விலக்கு இதற்குக் கிடையாது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பான் எண்ணை வைத்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய், ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரம் சரி என்று உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கும். தபால் வழி ஏற்றுமதிக்கு அஞ்சல் துறை 2022-இல் தொடங்கிய டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற சேவை இருக்கிறது. வீட்டிலிருந்தே ஏற்றுமதிப் படிவத்தை நிரப்பிவிட்டு அஞ்சலகத்தில் பெட்டியைக் கொடுக்கலாம். படிவத்தில் சுங்கக் குறியீடு கேட்கும். பிரிக்காத ரோல் ஃபிலிமுக்கு 3702, கேமராவுக்கு 9006. ‘பழைய சாமான்’ என்று எழுதினால் பெட்டி எங்காவது ஒரு மேஜையில் உட்கார்ந்துவிடும்.

எடை நீங்கள் சொன்னபடி 1 கிலோ 600 கிராம் என்றால் நல்லது. எந்த வகையில் போகும், எவ்வளவு செலவு என்பதெல்லாம் எடையைப் பொறுத்தது. அதனால் அட்டைப் பெட்டியை இரட்டைச் சுவராகப் போடும் முன் தராசில் வைத்துப் பாருங்கள். கிளிக் 3-இல் பேட்டரி கிடையாது, அது ஒரு நிம்மதி. விமானத்தில் போகும் பெட்டியில் பேட்டரி இருந்தால் கேள்வி மேல் கேள்வி வரும்.

ஃபிலிமுக்கு மட்டும் தனிப் பயம் எக்ஸ்ரே. வெளிநாட்டுத் தபால் எங்காவது ஓரிடத்தில் ஸ்கேன் ஆகாமல் போகாது. வேகம் குறைந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் பழைய மாதிரி ஸ்கேனரைத் தாங்கும். புதிதாக வரும் சி.டி. ஸ்கேனர்கள் அப்படியில்லை, மூடுபனி விழுந்த மாதிரி படிந்துவிடும். ‘கழுவாத ஃபிலிம், எக்ஸ்ரே வேண்டாம்’ என்று வெளியே ஒட்டுங்கள், யார் கேட்கிறார்களோ இல்லையோ. அதைவிட முக்கியம், விளக்கத்தில் ‘காலாவதியானது, சோதிக்கவில்லை, படம் வரும் என்று உத்தரவாதம் இல்லை’ என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். இங்கே மட்டும் பலகைதான் உங்களுக்குத் துணை. ‘சொன்னபடி இல்லை’ என்ற புகாருக்குத் தளம் விளக்கத்தை எடுத்துப் படிக்கும். ‘நல்ல நிலையில்’ என்ற இரண்டு வார்த்தையை நீங்கள் இப்போது எழுதியிருக்கிறீர்கள், அடுத்த முறை அதை எடுத்துவிடுங்கள். 1967-இல் உற்பத்திக்கு வந்து இன்று மூடிக்கிடக்கும் ஆலையின் ஃபிலிம் என்று எழுதினாலே போதும். இனிமேல் ஒரு ரோல்கூட வராது என்பதற்காகத்தானே அவர்கள் விலை ஏற்றுகிறார்கள்.

பேக்கிங்கை மஞ்சு இறங்கிய மாலையில் செய்யாதீர்கள். நம் ஊர்க் காற்றில் அந்த நேரம் இருக்கும் ஈரத்தை அப்படியே பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடினால், குளிர்ந்த இடத்துக்குப் போனதும் அது உள்ளேயே வேர்த்துவிடும். வெயில் அடிக்கும் ஒரு நாள் பதினோரு மணிக்கு மேல், பெட்டி, காகிதம் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் காய வைத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு மூடுங்கள். தளத்தில் ‘அனுப்ப எடுக்கும் நாள்’ என்ற இடத்தில் ஒரு நாள் என்று ஆசைப்பட்டுப் போட்டிருக்கிறீர்கள். ஐந்து ஆக்குங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் தபால் வண்டியும் நிற்கும், ஒசாகாவில் இருப்பவருக்கு பர்லியார் தெரியாது.

இனி அடுத்து விற்க நினைக்கும் மூன்று பொருள்கள். இவற்றுக்கு எந்த நாட்டை விலக்குவது என்ற கேள்வியே எழாது. 1972 நம் நாட்டில் சட்டம் போட்டுக் குவித்த வருடம் போலிருக்கிறது. பின்கோடு வந்தது அந்த ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொல்பொருள் சட்டமும் அதே வருடம். முதல் சட்டத்தில் உங்கள் தாத்தாவின் கைத்தடி மாட்டும். கடமானோ புள்ளிமானோ, தானே விழுந்த கொம்போ வேட்டையில் வந்ததோ, அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இடமே இல்லை. உள்ளூரிலும் ஏலத்தில் போட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள். படத்தைப் போட்ட மறுநாள் வனத்துறை வீட்டு வாசலில் நின்றால், தாத்தா காலத்துப் பொருள் என்பது பதில் ஆகாது. வீட்டிலேயே இருக்கட்டும். அதை வைத்திருப்பதற்குக் காகிதம் ஏதாவது உண்டா என்று தாத்தாவின் ஃபைலில் தேடிப் பாருங்கள்.

தபால் அட்டைகள் எனக்கே ஆசையாக இருக்கின்றன. மலை ரயில் ஊட்டி வரைக்கும் வந்தது 1908-இல், உங்கள் அட்டைகள் அதற்கு அடுத்த வருடம். ஆனால் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருடமே போதும். மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை. ஆயிரக்கணக்கில் அச்சடித்த அட்டைக்கு இது பொருந்துமா என்று வாதாடலாம்தான். அந்த வாதத்தை அனுப்பும் முன் சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை அலுவலகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொல்பொருள் அல்ல என்று அவர்கள் சான்று தந்தால் அனுப்புங்கள். பெட்டி சுங்கத்தில் மாட்டிய பிறகு வாதாடிப் பயனில்லை. அந்த அலைச்சல் வேண்டாம் என்றால் இந்தியாவுக்குள் மட்டும் விற்கலாம். ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டோடு மூடிவிட்டது, அதனால் அது அங்கே நடக்காது. சென்னை, கோவையில் கூடும் தபால்தலை சேகரிப்பாளர்களிடம் நேரில் காட்டுங்கள், அவர்களுக்கு மதிப்பும் தெரியும்.

கடைசியில் தைலம். யூகலிப்டஸ் எண்ணெய் 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். 60 டிகிரிக்குள் அப்படி விடும் திரவம் எதுவும் விமானத் தபாலுக்கு எரியும் பொருள் கணக்கில் சேரும். ‘வாசனை எண்ணெய்’ என்று பெயர் மாற்றி எழுதினாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஊருக்கு வரும் மாமா, சித்தி யாரிடமாவது ரெண்டு பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.